மடங்காத சிறகு

“றெக்கையை வெட்டி எடுத்துட்டு வேற வரைடா.”

நான் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் ஓவியக் குழுவில் யாரும் வாயில் எடுக்கக் கூடாத பேச்சு அது. சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது: முதலில் மூன்று பாராட்டு, பிறகு கேள்வி, ‘வேற வரை’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது.

மசியனின் முகம் செத்துவிட்டது. விரலில் மசி காய்ந்ததே இல்லை என்பதால் அந்தப் பெயர். மூன்று வாரம் முதுகு வளைத்து, மைப்பேனாவால் ஒரு டிராகன் வரைந்திருந்தான். ஒரு கதைப் புத்தகத்துக்காகத் திங்கட்கிழமை அது பதிப்பகத்துக்குப் போக வேண்டும். தேர்வானால் அவனுடைய முதல் அட்டைப்படம்.

“பாராட்டு எங்கம்மா?” என்றார் குழுவை நடத்தும் அக்கா.

“செதில் பிரமாதம். புகை பிரமாதம். கண்ணு எங்க போனாலும் நம்மளையே பார்க்குது. மூணாச்சா? றெக்கை மடங்காது.”

“மடங்காதுன்னா?”

“றெக்கை மூட்டைப் பின்பக்கமாத் திருப்பிப் போட்டிருக்கான். விரிச்ச குடையாவே பொறந்து விரிச்ச குடையாவே சாகும். தூங்கணும்னா குகைக்குக் கூரையைப் பிரிக்கணும்.”

“கற்பனைடி! நீ டிராகனைப் பார்த்திருக்கியா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“கோழியைப் பார்த்திருக்கேன்.”

“நாங்களும்தான் பார்த்திருக்கோம்.”

“தட்டுல பார்த்திருக்கீங்க.”

எல்லாரையும் எழுப்பி, முழங்கையைப் பின்பக்கமாக மடக்கச் சொன்னேன். ஆறு பேர் முக்கினார்கள். அக்கா “ஐயோ” என்று உட்கார்ந்தார். மசியன்தான் கடைசி வரை முயன்றான். பிறகு படத்தைப் பார்த்தான்.

“கதையில அது றெக்கையை மடக்கிட்டுத்தான் தூங்குது” என்றான் மெதுவாக.

“அதான் சொல்றேன். றெக்கையை மட்டும் வேற தாள்ல வரைஞ்சு மேல ஒட்டிடு.”

“எப்படி மடங்கும்னு எனக்குத் தெரியாதே. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

அப்பாவுக்கு ‘உணவுத் துறை’யில் வேலை என்று ஒரு வருடமாக இவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். ‘படிச்சவங்க நடுவுல நம்ம கோழிக்கடைப் பேச்சு வேணாம்மா’ என்றது அப்பாதான். இவ்வளவு நன்றாக வரைந்தவன் கோட்டை விடுகிற நேரத்தில் துறை என்ன வேண்டிக் கிடக்கிறது? எல்லாருக்கும் கேட்கும்படி போனைப் போட்டேன்.

“அப்பா, கோழி றெக்கை ரெண்டு, தோள் மூட்டோட எடுத்து வைங்க. துண்டு போட்டுடாதீங்க.”

“யாருக்கும்மா?”

“டிராகனுக்கு.”

“அது எத்தனை கிலோ இருக்கும்?”

செருப்பை மாட்டிக்கொண்டேன். “நான் வர்றதுக்குள்ள யாராவது பாராட்டினீங்க, தெரியும் சேதி” என்றபடி படியிறங்கினேன்.