பிறேமினியின் வீடு ஆற்றைக் கடந்த விதம்

அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் மனைவி, தான் இறந்து நூற்று அறுபத்தாறு வருடங்கள் கழித்து, 2021 மார்ச் பதினாறாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பிறேமினியின் வீட்டு மணியை அடித்தார். கையில் ஒரு தோல் பெட்டி, தலையில் நாடா கட்டிய தொப்பி. தன் கணவர் தூதராக இருந்தபோது இதே இடத்தில் இருந்த ஒரு வீட்டில் எட்டு மாதம் குடியிருந்ததாகவும், அப்போது சுற்றிலும் லவெண்டர் வயல்கள் இருந்ததாகவும், வாழ்ந்த இருபத்தாறு வீடுகளில் அந்த ஒன்றில்தான் நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார். கொரோனாவுக்காக வெளியாட்களை வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டுச் சுப்ரியா, வங்கியொன்றில் கணினி வேலை செய்யும் சென்னைப் பெண், எல்லாவற்றையும் வேலிக்கு மேலால் கேட்டுவிட்டு, "செத்தவங்களை அந்தச் சட்டம் கணக்குல எடுக்காது அக்கா, உள்ள கூப்பிடுங்க" என்றாள். மகன் கலியாணம் கட்டிப் போன பிறகு மேல் அறை சும்மாதான் கிடந்தது. பிறேமினி படுக்கைக்குப் புதுவிரிப்புப் போட்டுக் கொடுத்தாள்.

எந்த ஜனாதிபதி என்று கேட்டதற்கு, அவரைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றில் என்னைத் தேட வேண்டாம் என்று அமெரிக்க அம்மா பதில் சொன்னார். மற்றதையெல்லாம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு வழக்கறிஞரைக் கட்டினார். அவருக்குப் பதவி வரும்போதெல்லாம் பெட்டி கட்டினார். ஐந்து பிள்ளைகள் பெற்று, மூன்றை மூன்று தேசங்களில் புதைத்தார். ஜனாதிபதி மாளிகையில் புத்தாண்டு தோறும் இரண்டாயிரம் பேருக்குக் கைகொடுத்து, வலது கை வீங்கி, அடுத்த பத்து நாளும் இடது கையால் சாப்பிட்டார். கணவர் போன பின் பதினேழு வருடம் மூத்த மகன் வீட்டின் கடைசி அறையில் இருந்தார். இந்தக் காலம் முழுவதும் நல்ல மனிதர்கள் நடுவில்தான் வாழ்ந்தேன், அவர்களில் யாருக்கும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை என்றார்.

பிறேமினிக்கு இதில் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அவளுடைய கணவன் செபமாலைமுத்து லண்டனில் இருக்கும் தங்கள் இலங்கைக் கிராமத்து ஊர்ச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். ஊரில் கிணறு இறைத்துக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர், செத்த வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பவர். அவள் காலையில் வீடு வீடாகப் போய் வயோதிபர்களைக் குளிப்பாட்டும் வேலையை முடித்துவிட்டு வந்து, சங்க விழாக்களுக்கு றோல்ஸ் பலகாரம் சுற்றுவாள். இருநூறு, முந்நூறு. சனங்கள் அவளைத் 'தலைவற்றை மனுசி' என்று சொல்வார்கள். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது.

வீடு முதன்முதலாக நகர்ந்தது ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி. அது தெரு முனையில் தனியாக நின்ற வீடு என்பதால் யாருடைய சுவருக்கும் சேதமில்லை. அன்று பதினெட்டு அடி. மறுநாள் இருபத்தைந்து. யூன் மாதம் தெருவை விட்டு வெளியேறியது. தண்ணீரும் மின்சாரமும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. இரண்டு கம்பனிக்காரர்கள் வந்து பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்கள். கவுன்சில் ஒரு கடிதம் போட்டது. அது பழைய இடத்துக்குப் போய்த் திரும்பியது. தபால்காரர் மட்டும் சலிக்காமல் ஒவ்வொரு நாளும் வீட்டைத் தேடிப் பிடித்தார். அமெரிக்க அம்மா வெட்கப்பட்டார். நான் எங்கே இருந்தாலும் அந்த வீடு இருப்புக்கொள்ளாது, மன்னித்துக்கொள் என்றார். எல்லோரும் அதை நம்பினார்கள். பிறேமினியும் நம்பினாள்.

வீடு தோர்ண்டன் ஹீத் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் வந்து நின்ற கார்த்திகை மாதத்தில், ஒரு பின்னேரம், இரண்டு பேரும் சமையலறையில் இருந்தார்கள். அமெரிக்க அம்மா தன் மூன்றாவது பிள்ளையைப் பற்றிச் சொன்னார். கணவரின் புதிய பதவிக்காகக் கப்பலில் போகும் வழியில், பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில், காய்ச்சலில் செத்தது. யாரோ அந்நியர்கள்தான் குழி வெட்டினார்கள். கணவர் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தத்தில் எழுத முடியவில்லை என்று எழுந்து வந்து, மெதுவாகத்தான், கதவைச் சாத்தினார். மறுநாள் காலை கப்பல் வெளிக்கிட்டது.

பிறேமினி அடுப்பை நிறுத்தினாள். "எனக்கும் ஒண்டு இருந்தது" என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன ஒரு காட்டுக் கரையில், தறப்பாள் கொட்டிலுக்குள், ஒன்பது நாள் வயதான மகள். சுவாமியார் வரப் பிந்தும் என்று தெரிந்ததும் தானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, அஞ்சலீனா என்று பெயர் வைத்தாள். செபமாலைமுத்து அந்த நேரம் நிவாரண அரிசி பற்றிய கூட்டத்தில் இருந்தார். நானூறு குடும்பங்களுக்கான அரிசி. வந்து பார்த்தார், புதைத்தார், அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. அமெரிக்க அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீங்கிய வலது கையால் அவளுடைய கையைப் பிடித்தார். அன்றைக்கு வீடு நாற்பது யார் தூரம், அதாவது நூற்றிருபது அடி, நகர்ந்தது.

தை பிறந்ததும் பிறேமினி அவரிடம், நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு மூன்று கிழமை பிடித்தது. ஓரிடத்திலும் இருக்க வேண்டாம், எங்கே போக வேண்டும் என்று நானே சொல்லி ஒரு வண்டியில் ஏற வேண்டும் என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் தரிப்புக்குப் போனார்கள். பஸ் வரும்வரை நின்றபோது, அவர் திரும்பி, "நீ?" என்று கேட்டார். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றாள் பிறேமினி. அமெரிக்க அம்மா சாரதியிடம் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னார். சாரதி அப்படியொரு இடத்தைக் கேள்விப்பட்டதில்லை. என்றாலும் ஏறச் சொன்னார். பஸ் குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தது. அவர் அதில் இருக்கவில்லை.

இனி வீடு நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் அது இருநூறு யார் தூரம் போனது.

அன்று பின்னேரம் பிறேமினி வாசற்படியில் நின்று, புல்வெளி காலடியில் வழுக்கிக்கொண்டு பின்னால் போவதைப் பார்த்தாள். வீடு நகர்வது தன்னால்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து வந்த சங்க விழாவுக்கு றோல்ஸ் சுற்றவில்லை. மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள், அவ்வளவுதான். இரவல் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல உடம்பு எந்நேரமும் அந்தரப்பட்டது. படுத்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் வெளியே போகத் தோன்றியது. கூட்டங்களுக்குப் போய்வரும் செபமாலைமுத்து வீட்டைத் தேடிப் பஸ் மாறி மாறி அலைந்தார். "நீர் எனக்கு ஒரு மெசேச்சாவது போடலாம்" என்றார். "நீங்கள் கூட்டத்திலை எடுக்கிறேல்லையே" என்றாள் அவள். இப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது.

2023 ஒக்டோபர் பதினான்காம் திகதி சனிக்கிழமை காலை, வீடு வூல்விச்சில் தேம்ஸ் ஆற்றுக்குள் இறங்கியது. செபமாலைமுத்து மிச்சத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். தண்ணீர் வாசலின் இரண்டாம் படிவரை வந்து, அதற்கு மேல் வரவில்லை. ஆட்களை ஏற்றிவந்த படகு ஒதுங்கி வழி விட்டது. பிறேமினி பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நடு ஆற்றில் அவள் மகளின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். தண்ணீருக்கு மேலே அது எங்கேயும் பட்டுத் திரும்பவில்லை. இன்னும் இரண்டு தரம் சொன்னாள். நனைந்தது முன்கூடத்து விரிப்பின் ஒரு மூலை மட்டுந்தான்.

செபமாலைமுத்து பின்னேரம் தென்கரைக்கு வந்தபோது அங்கே வீடு இருந்த தடம்தான் இருந்தது. நாலு மணித்தியாலம் விசாரித்தார். கடைசியில் படகில் வேலை செய்யும் ஒருவர் அக்கரையைக் காட்டினார். படகேறி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் படியில் குந்தினார். அறுபத்தொரு வயது ஆள், மூச்சு வாங்கியது. பிறேமினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"அண்டைக்கு நான் கூட்டத்துக்குப் போயிருக்கக்கூடாது" என்றார் அவர்.

அவர் போன கூட்டங்கள் எத்தனையோ. "எந்தக் கூட்டம்?" என்று கேட்டாள்.

"அரிசிக் கூட்டம்." கோப்பையைக் கீழே வைத்தார். "அஞ்சலீனா சாகேக்கை... நீர் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினனீர். நான் பத்து நிமிசத்திலை வாறன் எண்டு சொல்லிவிட்டனான்."

"ஓம்."

"ஒரு மணித்தியாலம் இருந்திட்டன், பிறேமினி."

அவள் அவருடைய கோப்பையைக் கால்படாமல் தள்ளி வைத்தாள். எழுந்து போகவில்லை. ஆறு இருண்டு வரும்வரை இருவரும் அந்தப் படியிலேயே இருந்தார்கள்.

வீடு அதன் பிறகும் நிற்கவில்லை, ஆனால் மெதுவாகியது. கிழமைக்கு இரண்டு, மூன்று அடி. சங்கத்தின் யாப்பு விதிகளின்படி தலைவருக்கு நிரந்தர முகவரி வேண்டும் என்பதால், அடுத்த பொதுக்கூட்டத்தில் செபமாலைமுத்து போட்டியிடவில்லை. ஆறு மாதமாக அவர்தான் வீட்டில் சமைக்கிறார்; உப்பு இன்னும் கைக்கு அடங்கவில்லை. பிறேமினி வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்புவரை போய்விட்டு வருகிறாள். எங்கே போனீர் என்று கேட்டால் சொல்கிறாள். இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு வந்தபோது வீடு வடகரையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. இருவரும் அங்குள்ள கோயிலுக்குப் போய் மகளுக்குப் பூசை கேட்டார்கள். சுவாமியார் படிவத்தை நிரப்பினார். பெயர் அஞ்சலீனா, வயது ஒன்பது நாள். முகவரி என்ன என்று கேட்டார். "இப்போதைக்கு இந்தத் தெருதான் ஃபாதர்" என்றாள் பிறேமினி. சுவாமியார் தலை நிமிராமல் அப்படியே எழுதிக்கொண்டு, பூசை ஞாயிறு ஒன்பதரைக்கு, பிந்தாமல் வந்துவிடுங்கள் என்றார்.