கமலவேணி சர்வரைத் தொட்டாள்

1

அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது கிடைத்த கதை இது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சிமெண்டுப் புழுதி படிந்த ஒரு காலையில், கமலவேணி என்னும் அபலைப் பெண்…’

வேண்டாம். அவள் அபலை இல்லை. புழுதிக்கும் நடந்ததற்கும் சம்பந்தமும் இல்லை.

2

கமலவேணி அங்கே டேட்டா என்ட்ரி பார்ப்பவள். டிப்ளமோ படித்தவள். அன்று காலை, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய ரூட்டரைக் கழற்றிப் புதிதை மாட்டிவிட்டுப் போனார்கள். அது எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் புது எண்களைக் கொடுத்தது. ரிப்போர்ட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் சர்வர் மட்டும் பழைய எண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. (தெரு முழுக்க விலாசம் மாறி, ஒரு வீட்டுக்கு மட்டும் மாறாததுபோல. தொழில்நுட்பம் இவ்வளவுதான்.)

லேபிலிருந்து வார்டுக்கு ரிப்போர்ட் போகவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு வார்டில் வேம்பு என்ற பெயரில் இரண்டு பேர். தட்டணுக்கள் சரிந்துகொண்டிருந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரியின் சீட்டு இன்னொருத்தியின் கட்டிலுக்குப் போய்விட்டது. வயதைப் பார்த்து நர்ஸ் கண்டுபிடித்ததால் தப்பித்தார்கள்.

3

பராமரிப்புக் கம்பெனி ஆள் திருச்சியிலிருந்து சாயங்காலம் வருவார், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார் மேனேஜர் காசிநாதன்.

“வர்ற வரைக்கும் அந்தம்மாவுக்குத் தாங்குமா சார்?”

கேட்டது கமலவேணி. அவள் போய் சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். தினமும் பேக்கப் எடுப்பவள் என்பதால் கடவுச்சொல் தெரியும். கறுப்புத் திரையில் ip addr என்று அடித்துப் பழைய எண்ணைப் பார்த்தாள். அமைப்புக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, புது எண்ணையும் ரூட்டரின் எண்ணையும் எழுதினாள். ஓரிடத்தில் இடைவெளி ஒன்று கூடிப்போய்த் திரை திட்டியது. திருத்தினாள். பிறகு, மாற்றத்தைச் சோதித்துப் பார்க்கும் கட்டளை: sudo netplan try. நூற்றிருபது நொடிக்குள் என்டர் தட்டாவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

[கட்டளைகளை எடுத்துவிடு, வாசகர் ஓடிவிடுவார் என்றார் நண்பர் கலைவாணன். எடுக்க மாட்டேன். அது அவள் கைவேலை.]

நொடிகள் குறைந்தன. காசிநாதன் வாசலுக்கு வந்துவிட்டார்.

“எந்திரிங்க கமலவேணி. வேலை போயிடும்.”

அவள் வார்டுக்குப் போன் போட்டாள். “ரிப்போர்ட் தெரியுதா?”

“வேம்பு, அம்பத்தெட்டு வயசு. வந்துருச்சுக்கா.”

முப்பத்தொரு நொடி மிச்சம். என்டரைத் தட்டினாள்.

4

திருச்சிக்காரர் வந்து அவளைப் பாராட்டட்டும் என்கிறார் கலைவாணன். எழுதிப் பார்த்தேன். ‘அவர் அவளை வியப்போடு பார்த்து…’ அடித்துவிட்டேன். அவருடைய சான்றிதழ் அவளுக்கு எதற்கு? வேம்புவின் சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடவும் மாட்டார்கள். நடந்ததே அவர்களுக்குத் தெரியாது.

காசிநாதன் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி மன்னிப்புக் கடிதம் கேட்டார். அவள் எழுதினாள்: ‘அனுமதியில்லாமல் தொட்டேன். சரிசெய்தேன். மறுபடி ரிப்போர்ட் நின்றாலும் தொடுவேன்.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தபோது, நிர்வாகத்தின் உறை அவள் மேசையில் இருந்தது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், அவள் செய்தது சரியா தப்பா என்று அந்த உறை தீர்மானித்ததாகிவிடும். அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பதிவு வரிசையில் முதலில் நின்றவரிடம் பெயர் கேட்டாள்.

பிரிப்பதானால் நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்.