வெளிச்சத்தில் செத்த மருந்து

எலும்பு கட்டும் செல்களின் சுவரில் கால்சியம் நுழையச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அவற்றை மருந்து போட்டு அடைத்தாலும் செல்கள் பாட்டுக்கு எலும்பு கட்டுகின்றன என்பதுதான் ஜெயஷீலாவின் ஐந்து வருட ஆராய்ச்சி. படிந்த கால்சியத்தைச் சாயம் சிவப்பாகக் காட்டும். திருவனந்தபுரத்து லேபில் அவள் செல் வளர்த்த தட்டுகள் எப்போதும் சிவந்தன. வழிகாட்டி கல்யாணராமன் சார் அதை வைத்துக் கட்டுரையும் போட்டுவிட்டார்.

அதே சோதனையைச் செய்த, கூடப் படித்த நீதுவின் தட்டுகள் மட்டும் வெளுத்தே கிடந்தன. பக்கத்து மலையோர ஊரான வித்துராக்காரி, இரண்டு வயது இளையவள். அன்றன்றைக்கு மருந்தைக் கலக்கி, அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஊற்றுவாள். இருட்டில் என்னத்தைக் கண்டாள் என்று லேபில் கிண்டல் வேறு. சார் கேட்டபோது, "அவளுக்குக் கை நிதானம் கிடையாது சார்" என்றாள் ஜெயஷீலா. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நீது ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊரில் மருந்துக்கடையில் நிற்கிறாள்.

ஜெயஷீலாவோ மூன்று வாரத்து மருந்தை ஒரே பாட்டிலில் கலக்கிக் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். பேக்கரியில் இருக்குமே, அந்த மாதிரி ஃபிரிட்ஜ். இராப்பகலாக உள்ளே விளக்கு எரியும். போன மாதம் விளக்கு பியூஸ் போயிற்று. மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், காட்டுவதற்காகக் கடைசியாகச் செய்துபார்த்த தட்டுகள் செவ்வாய்க்கிழமை வெள்ளையாக நின்றன.

இருண்ட ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று மருந்து டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து வருடமும் செத்த மருந்தை ஊற்றிவிட்டு வாசல் அடைபட்டதாக நம்பியிருக்கிறாள், மகாராணி. நீது கண்டதுதான் சரி. 

வெள்ளிக்கிழமை வைவா. பழைய சிவப்புத் தட்டுகளைக் காட்டினாள். வாயைத் திறந்து வேறெதுவும் சொல்லவில்லை. கைதட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். இந்தப் பட்டத்தை நம்பி ஒரு கல்லூரியில் வேலையும் காத்திருந்தது. சனிக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வித்துராவுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

நீது கடையில் தனியாக இருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்போ எனக்க தட்டு சரியாட்டுதான் இருந்து, அல்லே?"

"சரிதான் நீது. தப்பு என் மேலதான்."

நீதுவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்க கைக்குத்தான் கேடுண்ணு நினைச்சேன் அக்கா. இப்பவும் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க ரெண்டு தடவை நோக்குவேன்."

ஜெயஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். செத்துவிடலாம் போலிருந்தது.

"எப்போ தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"வைவா?"

"வெள்ளி."

 நீது ஒரு நோட்டைத் திறந்து, வெற்றுப் பக்கத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தாள்.

"இப்போ பறஞ்சதை எழுதி ஒப்பு போட்டுத் தாங்க. சாருக்கு நான் அனுப்பிக்கிடுதேன்."

ஜெயஷீலா தேதி எழுதினாள். 'நான்' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தக் கல்லூரிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"பஸ் போயிரும் நீது. அடுத்த ஞாயிறு வந்து எழுதித் தாறேன்" என்று எழுந்தாள்.

நீது தலையாட்டினாள். ஜெயஷீலா தெருவில் இறங்கியதும் பின்னால் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.