ஆல்பத்தில் ஒரு காது

"திரைத்துணியாடி இது? ஜன்னல்ல தொங்குறத எடுத்து உடம்புல—"

"தொங்கினது இல்லக்கா, மிச்சம். கடையில வெட்டினது போக—"

"நான் பேசி முடிச்சிடறேன்—"

"நீ எப்ப முடிச்சே, நான் எப்ப பேசினேன்?"

அக்கா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவளுக்கு இன்று முப்பதாவது கல்யாண நாள். விருந்துக்குக் கிளம்பக் கார் வாசலில் நின்றது. தங்கச்சியோ கண்ணாடி முன்னால் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வரை மஞ்சள் கவுன். அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்புப் பூக்கள். இருபது வருஷமாகத் திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள் அல்லவா, துணி நேராக விழட்டும் என்று திரைக்கு வைக்கிற ஈயக் குண்டுகளையே விளிம்புக்குள் வைத்துத் தைத்திருந்தாள். சுற்றும்போதெல்லாம் அவை காலில் டொக்கு டொக்கென்று தட்டின.

"ஐம்பது வயசுல இது தேவையா? அந்தச் சாம்பல் கலர் புடவைக்கு என்ன குறை?"

"அதுக்கு ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான். ஆல்பத்தைப் புரட்டிப் பாரு. எல்லா போட்டோவுலயும் உன் தோளுக்குப் பின்னாடி ஒரு காது இருக்கும். அது நான்தான். இன்னிக்காவது முழுசாத் தெரியணும்க்கா. உள்ளுக்குள்ள நான் இந்தக் கலர்தான்."

"அது உள்ளுக்குள்ளயே இருக்கட்டும்! போட்டோ எடுக்கிறப்ப என் பக்கத்துல வந்து நின்னே, அக்காளும் இல்ல தங்கச்சியும் இல்ல, சொல்லிட்டேன்."

"வர்றீங்களா, விருந்தையே இங்க கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார் காரிலிருந்து அத்தான்.

ஓட்டல் கூடத்தின் கதவு திறந்தது. தங்கச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பன்னிரண்டு ஜன்னல். பன்னிரண்டிலும் மஞ்சள் திரை. தட்டுத் தட்டாய்ச் சிவப்புப் பூ.

கடைக்குச் சீட்டில் அளவு மட்டும் வரும். எந்த இடத்துக்கு என்று வராது. மாட்டுவது வேறு ஆட்கள். தான் தைத்த திரை எங்கேயும் தொங்கி அவள் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் பார்க்க வேண்டுமா!

அக்கா திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஜன்னலோரமா நில்லுங்க!" என்று கூவிய போட்டோக்காரர் கேமராவுக்குள் பார்த்துத் திடுக்கிட்டார். "திரைக்குப் பின்னாடியிருந்து தலையை நீட்டறவங்க, முன்னாடி வாங்கம்மா."

"முன்னாடிதான் நிக்கிறேன்!"

"கையை ஆட்டுங்க பார்ப்போம்... ஐயையோ, திரையிலேருந்து கை முளைக்குது!"

கூடமே குலுங்கியது. தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை பாடுபட்டு, காது போய்த் தலை வந்ததுதான் மிச்சமா? மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தாள்.

"எங்கடி ஒதுங்கறே?"

அக்கா திரைக் கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். சர்ரென்று வளையங்கள் ஓடின. ஜன்னல் முழுக்க நீல வானம். அதன் முன்னால் மஞ்சள் பற்றி எரிகிற மாதிரி நின்றாள் தங்கச்சி.

"நடுவுல வா. நீங்க நகருங்க, அடுத்த முப்பது வருஷத்துக்கு நடுவுல நிக்கலாம்," என்று புருஷனை இடுப்பால் தள்ளினாள் அக்கா. "தம்பி, இப்ப எடுங்க! இந்தப் பன்னிரண்டு ஜன்னல் திரையையும் தைச்சவ இவதான், என் தங்கச்சி!"

"சரிம்மா, எல்லாரும் சிரிங்க!"

தங்கச்சி காது வரை சிரித்தாள். அக்காவும் சிரித்தபடியே, உதட்டை அசைக்காமல் கேட்டாள்:

"ஏண்டி, அந்தத் துணி இன்னும் எத்தனை மீட்டர் மிச்சமிருக்கு?"