குரல் அறாமல்

“கடவுள்கிட்டக்கூடவா உனக்கு வெக்கம்?”

அப்பா ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டிருந்தார். சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் செய்வது அந்த வீட்டின் வழக்கம். ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தொடவேண்டும். தன் முறை வரும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்தவர் முழங்காலைத் தொட்டுவிடுவாள். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் குரல் எழும்பாமல் போய், கடைசியில் ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவள்.

இப்போது அவள் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். அது ஓடும் சத்தம்கூட அப்பாவுக்குத் தொந்தரவு என்று அத்தை சொல்லியிருந்தாள்.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி நான்கு நாளாயிற்று. அன்றே அப்பாவின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினாள். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்று சொன்னதால் அம்மா சோற்றைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தாள். கரண்டியை வைக்கும்போதுகூட கீழே துணி போட்டு வைத்தாள்.

ஆனால் வீடு அமைதியாக ஆக, அப்பாவின் நிலைமை மோசமானது. அறையில் சத்தம் அடங்கியதும் அவருடைய வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் முட்டிகள் வெளுத்துவிடும். கண் மூடியபடியே இருக்க, நெற்றியில் வியர்வை கோத்துக்கொள்ளும்.

“வலிதான்,” என்பாள் அத்தை. “யாரும் மூச்சு விடாதீங்க.”

அன்று காலை அப்பாவுக்கு நினைவு கொஞ்சம் தெளிந்திருந்தது. அத்தை தலைமாட்டில் நின்று, “என் தம்பி எழுந்து நடப்பான் ஆண்டவரே, நடந்தே தீரணும்,” என்று ஜெபம் செய்தாள். ஆண்டவரை அத்தை சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள் என்று அப்பா முன்பெல்லாம் கேலி செய்வார். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை சமையலறைக்குப் போனதும் மகளைப் பார்த்தார்.

“எனக்குப் பயமா இருக்குடா.” மூச்சு வாங்கியது. “அத யாராவது ஆண்டவர்கிட்ட சொல்லுங்களேன்.”

“அம்மாவக் கூப்பிடவாப்பா?”

வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். பார்வையை அவள் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். பிறகு மறுபக்க ஓரத்தையும் சரிசெய்தாள். சுகம் கேட்டு, அது கிடைக்காமல் போனால், இத்தனை பேர் ஜெபத்தில் சொத்தையாய்ப் போனது தன்னுடையதாகத்தான் இருக்கும். பயம் போகட்டும் என்று மட்டும் கேட்டால், நீங்கள் போய்வாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னதாகிவிடாதா? அவள் நிமிர்ந்து பார்த்தபோது அப்பா மறுபடி கண்ணை மூடியிருந்தார்.

பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. இருபத்திரண்டு வருடம், பதினெட்டு மாடிக் கட்டடங்களுக்கும் மேலே, டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருந்தவர். கட்டட வேலை செய்கிறவர்கள் அவரை மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வாக்கிடாக்கியின் பொத்தான் தொடைக்கு அடியில் அமுங்கியிருந்தது தெரியாமல், “ஆண்டவரே, இந்த இன்ஜினியருக்குக் கொஞ்சம் புத்தியக் கொடும்,” என்று அவர் ஜெபம் செய்ததை மொத்த சைட்டும் கேட்டது. மறுநாள் காலை கீழேயிருந்து ஒரு குரல் வந்ததாம்: “மேல்வீட்டுக்காரரே, இன்னைக்கு ஜெபம் இல்லையா? இன்ஜினியர் காத்துக்கிட்டு இருக்காரு.”

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பகல் பன்னிரண்டரை மணிக்கு வந்தார். கீழே நின்று அப்பாவுக்கு வழி சொல்லும் சிக்னல்காரர். அவளுக்குச் சிக்னல் மாமா. காலணி சத்தம் கேட்கும் என்று அத்தை வாசலிலேயே மிரட்டியதால், கனத்த பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

“சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்தேன் அண்ணி,” என்றார் அம்மாவிடம். “ரெண்டு மணிக்கு மறுபடி வேலை.”

“மெதுவா,” என்றாள் அத்தை.

நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டுக் கொடுத்தாள் அவள். மாமா உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. அப்பாவின் கை சட்டத்தை இறுக்கியது.

மாமா அந்தக் கையையே பார்த்தார். முகம் மாறியது.

“எவ்வளவு நாளா இப்படிப் பேசாம இருக்கீங்க?”

“நாலு நாளா. வலியில துடிக்கிறான், சத்தம் வேற எதுக்கு?” என்றாள் அத்தை.

“இது வலி இல்லக்கா. அண்ணன் கிரேன் லீவரப் பிடிச்சிருக்காரு.” மாமா குரலைத் தாழ்த்தாமலே பேசினார். “கட்டடத்துக்குப் பின்னாடி சுமைய இறக்கும்போது அவருக்கு ஒண்ணும் தெரியாது. என் குரல் மட்டும்தான். நான் விடாம பேசிக்கிட்டே இருக்கணும். குரல் அறுந்துச்சுன்னா என்னவோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். அப்படியே பிடிச்சு நிறுத்திடணும். ஒரு தடவ என் வாக்கிடாக்கி பேட்டரி போயிடுச்சு. நாலு டன் கம்பி, காத்துல ஆடுது. நான் படியேறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் இவர் கைய எடுக்கல. நீங்க வீட்டையே ஊமையாக்கி வெச்சிருக்கீங்க. அவர் எப்படிக் கைய எடுப்பாரு?”

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அன்று அப்பா வீங்கின கையோடு வந்தார். சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். காரணம் சொல்லவில்லை.

மாமா குனிந்து, “அண்ணே, நான்தான். கீழ. கீழ. மெதுவா கீழ,” என்றார். விரல்கள் லேசாக நெகிழ்ந்தன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கீழ… இன்னும் கொஞ்சம்…” மாமாவின் குரல் உடைந்தது. இருமினார். மறுபடி முயன்றார். வரவில்லை. விரல்கள் உடனே இறுகின.

“எனக்கு மேல, கீழ தவிர ஒண்ணும் வராது,” என்றார், கண்ணைத் துடைத்தபடி. அவர் பார்வை அத்தையையும் அம்மாவையும் தாண்டி அவளிடம் வந்து நின்றது. “பாப்பா, நீ பேசு. எதையாவது பேசு. விடாத.”

காலையில் அப்பா பார்த்த அதே பார்வை. அவள் கட்டிலருகே தரையில் முழங்கால் போட்டாள்.

“ஆண்டவரே.”

வெறும் காற்றுதான் வந்தது.

“கேக்கல பாப்பா.”

“ஆண்டவரே.” இந்த முறை அவளுக்கே கேட்டது. “நான்தான். உங்களுக்கு என் குரல் தெரியாது, நான் வாய்விட்டுப் பேசினதே இல்ல. அப்பாவுக்குப் பயமா இருக்காம். காலையிலேயே சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். எனக்கும் பயம். நான் கேட்டு நீங்க தரலன்னா என்ன பண்றதுன்னு பயம்.”

“சுகத்தக் கேளுடி,” என்றாள் அத்தை பின்னாலிருந்து. “வேற எதையும் பேசாத.”

“அவர் எழுந்து நடக்கணும்னு அத்தை கேக்கறாங்க. எனக்கும் அதுதான் வேணும். உங்களுக்கு அது ஒரு வேலையே இல்ல. செய்யுங்க. ஆனா செய்யப்போறது இல்லன்னா…” அத்தையின் கை அவள் தோளில் வந்து விழுந்து அழுத்தியது. அவள் நிறுத்தவில்லை. “செய்யப்போறது இல்லன்னா அவர இப்படி அந்தரத்துல தொங்கவிட்டு வேடிக்க பாக்காதீங்க. நீங்க பக்கத்துல வரணும். இப்பவே வரணும். நீங்க வந்துட்டீங்கன்னு அவருக்குத் தெரியணும். கேளுங்க, கிடைக்கும்னு நீங்கதான் சொன்னீங்களாம். கேட்டுட்டேன். இனிமே உங்க பாடு.”

சொல்வதற்கு வேறெதுவும் இல்லை. ஆனால் குரல் அறக்கூடாது. அவள் திணறினாள்.

“அவர்… அவர் தலையணைய ரெண்டா மடிச்சுத்தான் படுப்பாரு. டீ ஆறினாத்தான் குடிப்பாரு. விசில் அடிச்சுக்கிட்டே ஷேவ் பண்ணுவாரு, அதனால தாடையில எப்பவும் ஒரு வெட்டு இருக்கும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன். நீங்கதானே பாத்துக்கணும்.”

தோளில் இருந்த கையின் அழுத்தம் தளர்ந்தது. ஆனால் கை விலகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவள் காதுக்கு வெகு அருகில் அத்தையின் குரல் கேட்டது. இவ்வளவு மெல்லிய குரல் அத்தையிடம் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

“அவனுக்கு இருட்டு ஆகாது. சின்ன வயசுல என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அதையும் சொல்லு.”

“அப்பாவுக்கு இருட்டு ஆகாதாம்,” என்றாள் அவள். “வெளிச்சம் இருக்கணும். யாராவது கூட இருக்கணும்.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அப்பாவுக்கு எந்தச் சட்டை பிடிக்கும், முழங்கால் வலி மழை வருவதை எப்படி முன்கூட்டியே சொல்லும், எந்த நகைச்சுவையைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தானே சிரித்துவிடுவார். அம்மா நடுநடுவே எடுத்துக் கொடுத்தாள். மாமாகூட ஒன்று சொன்னார். விரல்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை விட்டுப் பிரிந்தன. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பிறகு இன்னும் நீண்டது.

அம்மா அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு போர்வையை அவர் கழுத்துவரை இழுத்து, அதன் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவிக்கொண்டே இருந்தாள்.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்தபடியே, “அவர் மூக்குக் கண்ணாடி என்கிட்ட இருக்கு ஆண்டவரே,” என்றாள். “பத்திரமா இருக்கு.”

போதும் என்று யாரும் சொல்லவில்லை. அத்தை அவள் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

சிக்னல் மாமா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். குனிந்து அப்பாவின் நெற்றியில் மிச்சமிருந்த வியர்வையைத் தன் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார். உதடுகள் ‘விடாத’ என்று அசைந்தன. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.