நாலாம் சரணம்

பிரசங்கம் முடிந்து போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், அழைப்புப் பாட்டைத் தொடங்க வேண்டும். மனந்திரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வரலாம். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டும் வரை, ஆர்கன் வாசிக்கும் பெரியவள் நிறுத்தக் கூடாது. பல வருஷமாக இருவருக்கும் நடுவே இதுதான் ஏற்பாடு.

அழுதுகொண்டே முன்னால் வந்த எத்தனையோ பேரை அவள் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறாள். தானும் அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. "பரலோகத்துல அக்காவுக்கு இப்பவே ஸ்டூல் போட்டு வச்சிருப்பாங்க" என்று பாடகர் குழுவின் கட்டைக்குரல்காரர் கிண்டல் செய்வார். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்று கடைசி பெஞ்சில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து இன்றுதான் ஆலயத்துக்குள் வந்திருக்கிறாள். மத்தியானம் பஸ். வேறு ஊரில் தையல் வேலை. இனி திரும்புவதாக இல்லை.

அவளை ஒரு எலக்ட்ரீஷியன் விரும்பிப் பெண் கேட்டான். மனைவியை இழந்தவன். 'அவன் பெண்டாட்டி உயிரோடுதான் இருக்கிறாள்' என்று யாரோ சொன்னதை விசாரிக்காமல் சபைக் கமிட்டியில் எழுந்து சொன்னவள் பெரியவள்தான். கல்யாணம் நின்றது. அவன் அவமானம் தாங்காமல் ஊரை விட்டே போய்விட்டான். பிற்பாடு போதகர் அந்த மனைவியின் கல்லறையை நேரில் பார்த்துவிட்டு வந்தார். "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றார்.

"கர்த்தருக்காகத்தான் ஐயா பேசினேன்" என்றாள். அதோடு சரி.

அதன் பிறகு அந்த வீட்டில் உப்பு இருக்கிறதா, கரண்ட் பில் வந்ததா என்ற அளவுக்குத்தான் பேச்சு. பெரியவளின் வெள்ளை அங்கியில் கைமடிப்பு பிரிந்து மாதக் கணக்காகிறது. தைத்துக் கொடு என்று கேட்க வாய் வராமல் ஊக்கு குத்தியிருந்தாள்.

மூன்று சரணம் போனது. ஒருவரும் எழவில்லை. போதகர் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி கண்மூடி நின்றார். தனக்காகத்தான் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முன்னால்கூடப் போக வேண்டாம், பின்னால் அந்தப் பெஞ்சு வரை நடந்தால் போதும். ஆனால் நான் என்ன குடித்தேனா, திருடினேனா? என் வாசிப்பைக் கேட்டுத் திருந்தியவர்கள் எல்லாம் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நாலாம் சரணத்தின் நடுவில் தங்கை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இவளையே பார்த்தாள். பாதி வழி அவளே வந்துவிடுவாள் போலிருந்தது.

பெரியவள் சட்டென்று ஆமென் வாசித்து மூடியைச் சாத்தினாள். கட்டைக்குரல்காரர் ஒரு வரியைத் தனியாகப் பாடிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். போதகர் கண் திறந்தார். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. தங்கை மெதுவாக உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்ததும் தங்கை வாசலில் காத்திருந்தாள்.

"கையில என்னக்கா, ஊக்கா?"

"ம்."

"கழட்டிக் குடு. பையில ஊசி நூல் இருக்கு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை. பெரியவளின் விரல் ஊக்கு வரை போய் நின்றது. உள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"வேணாம், ஊக்கே போதும். நீ கிளம்பு."

"வேற ஏதாவது சொல்லணுமாக்கா?"

"உனக்காக ஜெபம் பண்றேன்."

தங்கை சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "பண்ணுக்கா. எனக்குத்தானே தேவை."

பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவள் உள்ளே வந்து ஆர்கனைத் திறந்தாள். விட்ட இடத்திலிருந்து நாலாம் சரணத்தை வாசிக்கத் தொடங்கினாள். பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்தினார்.

"யாரைக்கா கூப்பிடுறீங்க? எல்லாரும் போயாச்சே."

"சும்மாதான். கை ஓடுதான்னு பாக்குறேன்" என்றாள், கடைசி பெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.