தங்கை வரைந்த வட்டம்

வைக்கோலிலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கும் ஆலைக்கு இடம் பார்க்கும் வேலையை மேலாளர் எனக்கும் தங்கைக்கும் கொடுத்தார். ஆளுக்கு ஓர் இடம். யாருடையது தேறுகிறதோ அவள்தான் ஆலைத் திட்டத்தை நடத்துவாள்.

அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்து மூன்று வருடம். தங்கை போன மழைக்காலத்தில்தான் வந்தாள். வந்த வாரமே அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் விழுந்தது. எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர்கூட யாரும் வைக்கவில்லை.

என் இடம் வயல்களுக்கு நடுவே. வைக்கோலுக்குக் குறைவில்லை, தண்ணீரை மட்டும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்க வேண்டும். அவளுடையது ஆற்றங்கரையில், நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து விடும் வாய்க்கால் ஓரம். நிலத்தடி நீரைத் தொடவே வேண்டாம். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சாப்பிடும்போது அவள் அதைச் சொன்னதும் அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். “சாக்கடைத் தண்ணியில ஆலையா! இவ மூளையப் பாரேன்.”

என் தட்டும் காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் விரித்து வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஆலையை நடுவில் வைத்து ஒரு வட்டம். அதற்குள் கிடைக்கும் வைக்கோல் எல்லாம் ஆலைக்கு வரும் என்பது கணக்கு. எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் போடுவோம். ஆனால் ஆறு அவள் வட்டத்தை இரண்டாக வெட்டியது. அக்கரை வைக்கோல் எப்படி வரும்? நீந்தியா?

ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாலம் ஒன்றே ஒன்று, ஆற்றோடு வெகுதூரம் கீழே போனால்தான். லாரிகள் அது வழியாகச் சுற்றி வந்தால், எரிபொருள் செய்வதற்கே எரிபொருளைக் கொளுத்த வேண்டியிருக்கும். கரையில் தனியாக நின்று சிரித்தேன். மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

வீட்டில் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்வதற்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் அவள் பேசப் பேச மேலாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கையைத் தூக்கினேன். இறக்கினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூக்கினேன்.

“அக்கரை வைக்கோல் எந்த வழியா வரும்?”

தங்கை படத்தைப் பார்த்தாள். “அய்யோ.”

“பாலம் எங்கம்மா இருக்கு?” என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

காட்டினேன்.

“அப்போ பாதி வைக்கோல் போச்சு.” முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். தங்கையின் முகம் சுண்டிப்போயிருந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அவள் பேனா மூடியைக் கடித்தாள். கடித்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“சார், ஆலையையே பாலத்துக்கிட்ட கொண்டு போயிட்டா? வாய்க்கால் அதுவரைக்கும் போகுது. ரெண்டு கரையும் நமக்குத்தான். முழு வட்டமும் திரும்பக் கிடைச்சிரும்!”

மேலாளர் மேசையைத் தட்டினார். “சபாஷ் ரேடியோ!”

“கண்டுபிடிச்சது எங்க அக்கா சார். அவ கேக்கலைன்னா நான் ஆத்துலயே முழுகியிருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் இடத்தின் படத்தை விரிக்கும்படி யாரும் சொல்லவில்லை. பாலத்தடி இடம்தான் சரி. அதுகூடத் தெரியாமல் போகுமா எனக்கு?

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். “ஏன்க்கா வீட்டுலயே சொல்லல?”

“அப்போதான் தோணிச்சு.”

“பொய்யி. பாலம் எங்கன்னு கேட்டதும் டக்குனு விரல வச்சியே. போய்ப் பாத்துட்டு வந்திருக்கே.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“விடு. நானும் உன் கிணத்துத் தண்ணியப் பத்தி ரெண்டு கேள்வி வச்சிருந்தேன். கேக்க வேண்டி வரல.”

கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. அதுதான் எரிந்தது.

“பாலத்துப் பக்கம் நான் போனதே இல்லக்கா. என்கூட வேலைக்கு வர்றியா?”

“சார்கிட்ட கேக்கணும்.”

“கேட்டாச்சு. முதல் ஆளா உன்னத்தான் எடுத்துக்கிட்டேன்.”

வேறு என்ன சொல்ல? சரி என்றேன். பாலத்துக்குப் போகும் பஸ் எது என்று எங்கள் அலுவலகத்தில் எனக்கு மட்டும்தானே தெரியும்.